அம்பயர் இல்லையென்ற பிறகு

நகம் வெட்டும்போது எழுகிற அளவுக்குத்தான் இருந்தது அந்தச் சத்தம். இருபத்து மூன்று வருடங்களுக்கு முன்பு, இங்கிலாந்தில், ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே கிடந்த ஒரு பள்ளி மைதானத்தில், பதினோரு வயதுப் பையனாக அவன் ஆடிக்கொண்டிருந்தபோது பந்து பேட்டின் ஓரத்தை உரசிக்கொண்டு போனது. பந்து போட்டவன் காதில் அது விழவில்லை. பின்னால் நின்று பிடித்தவன் காதிலும் விழவில்லை. அவன் பந்தைத் தூக்கிப் போட்டு விளையாடிக்கொண்டிருந்தான். அம்பயராக நின்ற பாதிரியார் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் அப்பீல் செய்யவில்லை. அப்பீல் செய்யாமல் அம்பயர் யாரையும் அவுட் என்று சொல்லக் கூடாது, அது சட்டம். பையன் பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தானாகவே வெளியே நடந்தான். புல் கால் சட்டையில் ஈரமாக ஒட்டியது. எல்லைக் கயிற்றுக்கு அப்பால் நின்ற அப்பா தொப்பியைத் தலையிலிருந்து எடுத்தார், திரும்ப வைத்துக்கொண்டார். பெரிய மனிதர்களைத் தெருவில் கண்டால் அவர் செய்கிற காரியம் அது. தன் மகனுக்குச் செய்தார். அதற்குப் பிறகு அந்தப் பையன், ஆல்டன், எத்தனையோ மைதானங்களில் ஆடிவிட்டான். ராணுவக் கல்லூரியில், மழையில் நனைந்த கிராமத்துத் திடல்களில், மெசபொடேமியாவில் பேரீச்சை மரங்களுக்கு நடுவே கித்தான் துணி விரித்து, கடைசியில் இங்கே மதராஸில். போன இடமெல்லாம் அவனுக்கு முன்னால் அவன் பேர் போய்ச் சேர்ந்திருந்தது. ஆல்டனா, அம்பயருக்கு வேலையே வைக்க மாட்டான், பட்டால் தானே போய்விடுவான். நூறு ரன் அடித்தவர்களைப் பற்றிக்கூட இப்படி யாரும் சொன்னதில்லை. முப்பத்து நான்கு வயதில் அவனிடம் இருந்தது இந்த ஒரு பேர்தான்.

இப்போது பரங்கிமலையில் பிப்ரவரி வெயில் ஏறிக்கொண்டிருந்தது. படைப்பிரிவுக்கும் பட்டணத்துக் கிளப்புக்கும் ஆட்டம். ஆல்டன் கால்காப்புகளைக் கட்டிக்கொண்டு கூடாரத்து நிழலில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அடுத்த விக்கெட் விழுந்தால் அவன் போக வேண்டும். இடது காலின் மேல் வார் இறுக்கமாக இருந்தது. அவிழ்த்துக் கட்டினான். இப்போது தொளதொளவென்று இருந்தது. மறுபடி அவிழ்த்தான். மைதானத்தின் நடுவே கர்னல் மெக்ரே ஆடிக்கொண்டிருந்தார், அவசரமில்லாமல், தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் மாதிரி. மத்தியான சாப்பாட்டின்போது, குளிர்ந்த ஆட்டிறைச்சியை வெட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "அந்தக் கல்குவாரிக் காகிதங்கள், ஆல்டன். ஐந்தரை மணிக்கு ஆள் பட்டணத்துக்கு எடுத்துக்கொண்டு போகிறான். தேநீர் இடைவேளையில் கையெழுத்துப் போட்டுவிடுவேன். உனக்கு அதில் சேர்க்க ஏதாவது இருந்தால் அதற்கு முன்னால் சொல்லு." அவர் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆல்டன் கடுகுக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தான். அவ்வளவுதான் செய்தான். கடுகு. ஒரு வாக்கியம் போதும். சார், எண்ணியது நான். சார், ஊதச் சொன்னது நான். எந்த வாக்கியத்தை முதலில் வைப்பது? முதலில் எண்ணிக்கையா, உத்தரவா? எண்ணிக்கையிலிருந்து தொடங்கினால் சாக்குச் சொல்கிற மாதிரி இருக்கும். உத்தரவிலிருந்து தொடங்கினால் எண்ணிக்கைக்கு வந்து சேர்வதற்குள் அவர் முகம் மாறிவிடும், அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மிச்சத்தைச் சொல்ல வேண்டியிருக்கும். மூன்று மணி பத்து நிமிடம். நாலரைக்குத் தேநீர்.

ஆறு குழி. அன்றைக்கும் இதே மாதிரி வெயில்தான், இருபது நாளாகிறது. குன்றின் சரிவில் பாறையைத் துளைத்து ஆறு குழிகளில் வெடிமருந்து கெட்டித்துத் திரி வைத்திருந்தார்கள். ஆட்களை மண்மேட்டுக்குப் பின்னால் ஒதுக்கியாகிவிட்டது. வெடிக்கிற ஒவ்வொன்றையும் இரண்டு பேர் எண்ண வேண்டும், ஆபீசர் ஒருவர், ஹவில்தார் ஒருவர். இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போனால்தான் விசில் ஊதலாம், ஆட்கள் பாறைக்குப் போகலாம். ஒத்துப்போகாவிட்டால் அரை மணி நேரம் யாரும் அசையக் கூடாது. ஹவில்தார் தேவசகாயம் எண்ணுகிற முறை வேறு. குழிக்கு ஒன்றாகக் கூழாங்கல் பொறுக்கி இடது கையில் வைத்துக்கொள்வார், ஒரு வெடிக்கு ஒரு கல் கீழே. பதினெட்டு வருடமாக அப்படித்தான். ஆல்டன் மனதுக்குள் எண்ணினான். ஒன்று. இரண்டு. மூன்றாவது சற்றுத் தாமதித்து வந்தது. அப்போது அவன் எங்கே இருந்தான்? சாயங்காலம் வலைப்பயிற்சி இருந்தது, கால் பக்கம் வருகிற பந்தை மணிக்கட்டைத் திருப்பி விடுகிற அடி ஒன்று கொஞ்ச நாளாக அவனுக்குச் சரியாக வரவில்லை, கையில் பிரம்பு இருந்தது, பிரம்பை லேசாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். நாலு. ஐந்து. பிறகு ஒன்று, மெத்தென்று, எதிர்க் குன்றின் பக்கமிருந்து. ஆறு. அது எதிரொலியாக இருக்கலாம் என்ற நினைப்பு வந்தது. வந்ததா, பிறகு வந்து இங்கே உட்கார்ந்துகொண்டதா? இருபது நாளாக அந்த இடத்தைத் தொட்டுத் தொட்டு அது தேய்ந்துவிட்டது, இப்போது எதுவும் தெரியவில்லை. தேவசகாயம் கையை விரித்து நீட்டினார். உள்ளங்கையில் ஒரு கல். "தொரை, அஞ்சுதான். ஒரு கல்லு மிச்சம் இருக்கு." ஆல்டன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். முன்ஷியிடம் படித்த தமிழில், புத்தகத்தில் இருப்பது போலச் சொன்னான்: "ஆறு. நீ ஒன்றைப் போட மறந்துவிட்டாய். ஊது." தேவசகாயம் கல்லைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். "தொரை, அரை மணிதானே, இருந்துட்டுப் போவோமே." "ஊது, ஹவில்தார்." ஊதினார். ஏழுமலைதான் முதலில் எழுந்து போனான், எப்போதும் அவன்தான் முதலில் போவான், வேட்டைநாய் மாதிரி ஓடுவான், இருபத்திரண்டு வயது, ஆற்காட்டுப் பக்கம். ஆறாவது வெடி எப்படிக் கேட்டது என்பது மட்டும் ஆல்டனுக்கு நினைவில்லை. மண் விழுந்துகொண்டே இருந்தது நினைவிருக்கிறது. நெடுநேரம், மழை விட்ட பிறகு மரம் சொட்டுகிற மாதிரி.

கைதட்டல். தூக்கிவாரிப்போட்டது, எழுந்தே நின்றுவிட்டான். விக்கெட் இல்லை, கர்னல் நான்கு ரன் அடித்திருக்கிறார். உட்கார்ந்தான். பக்கத்து நாற்காலியிலிருந்த டாக்டர் சிரித்தார். "என்ன ஆல்டன், புதுப் பையன் மாதிரி." "வார் இறுக்கமாக இருக்கிறது." "அப்படியானால் அவிழ்த்துக் கட்டேன்." அவிழ்த்துக் கட்டினான். கூடாரத்துக்குப் பின்னால் புளியமரத்தடியில் சிப்பாய்கள் பத்துப் பதினைந்து பேர் சப்பணமிட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்குத் தமிழ் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் கூடாரத்துக் கித்தானுக்கு இந்தப் பக்கம் அவன் இருப்பது தெரியாது. "காலையிலேர்ந்து ஆடுறானுங்க, ஒருத்தனும் செயிக்கலியே." "இதுல செயிக்கிறதெல்லாம் கிடையாதுடா. டீ குடிப்பாங்க, அதான் ஆட்டம்." "அந்தக் கர்னல் தொரையப் பாரு, பந்தப் பாத்துக் கும்புடு போடுறாரு." சிரிப்பு. பிறகு தாழ்ந்த குரலில் யாரோ கேட்டான், "நம்ம அவுல்தாரு கதி என்னாவும்ண்ணே?" "ஒண்ணும் ஆவாது. ஆல்டன் தொரை இருக்காருல்ல." "அவரு வாயே தெறக்கலியே." "தெறப்பாரு. போன மாசம் பாத்தியில்ல, அம்பயரு சும்மா நின்னாரு, பந்து போட்டவன் சும்மா நின்னான், இவரு பாட்டுக்கு மட்டையத் தூக்கிக்கிட்டு வந்துட்டாரு. பாவத்துக்குப் பயந்த மனுசன்டா." "அப்ப இருவது நாளா என்ன பண்றாரு?" "வெள்ளக்காரன் எல்லாத்துக்கும் ஒரு டயம் வச்சிருப்பான். நீ பொத்திக்கிட்டு ஆட்டத்தப் பாரு." ஆல்டன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அசைந்தால் பிரம்பு நாற்காலி கிரீச்சிடும். கழுத்துக்குப் பின்னால் வேர்வை ஒரு கோடாக இறங்கியது. அவனை அவர்கள் திட்டியிருந்தால் எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

விசாரணையிலும் அவன் இப்படித்தான் அசையாமல் உட்கார்ந்திருந்தான். நீள மேஜை, பச்சைத் துணி, கர்னல் நடுவில். கேள்விகள் ஒழுங்காக வந்தன. "ஹவில்தார் விசில் ஊதியதை நீ பார்த்தாயா, ஆல்டன்?" "பார்த்தேன், சார்." "அதன் பிறகுதான் லான்ஸ் நாயக் ஏழுமலை பாறைக்குப் போனான்?" "ஆமாம், சார்." எல்லாம் உண்மை. ஒவ்வொன்றும் உண்மை. நீ எத்தனை எண்ணினாய் என்று அவர் விசாரிக்கவில்லை. தன்னோடு ஒரே மேஜையில் சாப்பிடுகிற ஆபீசரிடம், தன் அணியில் ஐந்தாவதாக ஆடப் போகிறவனிடம் அப்படி விசாரிப்பது அவரால் ஆகாத காரியம். சொல்ல வேண்டியது இருந்தால் அவனே சொல்லிவிடுவான் என்ற நம்பிக்கை. அவன் காத்திருந்தான், விசாரிக்கட்டும் என்று. அந்தக் கேள்வி வந்திருந்தால் சத்தியமாகச் சொல்லியிருப்பான். அப்பீல் வரவில்லை. தேவசகாயத்தைக் கூப்பிட்டார்கள். "விசில் ஊதியது நீதானே?" "ஆமா தொரை." "எண்ணி முடித்துவிட்டுத்தான் ஊதினாயா?" அப்போது தேவசகாயம் திரும்பி ஆல்டனைப் பார்த்தார். அதில் கோபமில்லை, கெஞ்சலும் இல்லை. வண்டியில் ஏறுகிற பெரியவருக்கு ஒதுங்கி வழிவிடுகிறவன் நிற்பானே, அப்படி நின்றார். ஆல்டன் பச்சைத் துணியில் மை கொட்டிய கறை ஒன்றைப் பார்த்தான், வாத்து மாதிரி இருந்தது. மொழிபெயர்ப்பவர் கேள்வியைத் திரும்பவும் சொன்னார். "ஊதினது நான்தான் தொரை," என்றார் தேவசகாயம். கர்னலின் பேனா நகர்ந்தது. நேற்றுச் சாயங்காலம் காவல் அறைப் பக்கமாக அவன் போக வேண்டியிருந்தது. வேறு வழியும் இருந்தது, சுற்றுவழி, ஏனோ அதில் போகவில்லை. கம்பிக்குப் பின்னால் தேவசகாயம் விறைத்து நின்றார், இடுப்பு வார் இல்லாமல், தொப்பி இல்லாமல். "நாளைக்கு மேட்ச்சுங்களா தொரை?" "ஆமாம்." "வெயில் கடுமையா இருக்கும். தலைக்கு நல்லதாப் போட்டுக்கிட்டு ஆடுங்க." ஆல்டன் நகரவில்லை. தேவசகாயம் குரலைத் தாழ்த்தினார். "நான் ஒண்ணும் சொல்லிக்கல தொரை. மேலதிகாரி மேல நான் கைகாட்டுனா நல்லாருக்காது. நீங்களே சொல்லிடுவீங்கன்னு இருக்கேன்." பிறகு, பேச்சை லேசாக்குகிறவர் போல, "கொஞ்சம் சுருக்கச் சொல்லிடுங்க தொரை, உள்ள கொசு தூக்கிக்கிட்டுப் போவுது." சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆல்டனும் சிரித்தான். சிரித்தான்! அந்தச் சிரிப்பை அவர் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்? சரி என்று சொன்னதாகத்தான். இல்லாவிட்டால் எதற்குச் சிரிப்பான் ஒரு மனிதன்.

சொன்னால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும், ஒன்றுவிடாமல் தெரியும். இன்னொரு விசாரணை, வேறு பச்சைத் துணி. பதவியை விட்டு விலகச் சொல்வார்கள், மரியாதையாகத்தான். கப்பல். மழையில் அந்தப் பழைய வீடு, அம்மா, பிரான்சில் செத்துப்போன தம்பியின் படம், அப்பா இல்லாத நாற்காலி. கிராமத்துத் திடலில் யாராவது, ஆல்டன்தானே, இந்தியாவில் இருந்தாயே, ஏன் வந்துவிட்டாய் என்பார்கள். அவனுக்குப் படையையும் ஆட்டத்தையும் தவிர வேறு எதுவும் தெரியாது. ஒரு பூட்டைக்கூடச் சரியாகத் திறக்கத் தெரியாது. சொல்லாவிட்டால்? தேவசகாயத்துக்கு நாற்பது வயது, மூன்று பெண்கள், இன்னும் மூன்று வருடத்தில் ஓய்வு. அதைக் கணக்குப் போடக் கூடாது என்று எழுந்தான், எழுந்தவன் எதற்காக எழுந்தோம் என்று மறந்து திரும்ப உட்கார்ந்தான். தேநீர்வரை பொறுக்கலாம். தேநீர் நேரத்தில் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, சார் ஒரு நிமிடம். ஆனால் டாக்டர் இருப்பார். பட்டணத்துக் கிளப் ஆட்கள் இருப்பார்கள். கேக் இருக்கும். கேக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒருவன் செத்ததைப் பற்றி எப்படிப் பேசுவது? அப்படியானால் அதற்கு முன்னால், மைதானத்தில், இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது. ஆமாம், அங்கேதான். அதுதான் இடம். நெஞ்சுக்குள் ஏதோ இளகியது, வியர்வையில் காற்று பட்டது போல. அந்த நொடியில் பெரிய கூச்சல். கர்னலுக்கு எதிர்முனையில் ஆடிய பையன் ஸ்டம்ப் சிதறத் திரும்பிக்கொண்டிருந்தான். "உன் முறை, ஆல்டன்," என்றார் டாக்டர்.

வெளிச்சம் கண்ணில் அறைந்தது. கூடாரத்திலிருந்து நடுவுக்கு எண்பது தப்படி இருக்கும், எண்ணிக்கொண்டே நடந்தான், முப்பதுக்கு மேல் குழம்பிவிட்டது. புளியமரத்தடியில் யாரோ, "தா, நம்மாளு வர்றாரு," என்று விசிலடித்தான், ஆல்டனின் முதுகு விறைத்தது. கர்னல் பாதி வழி வந்து எதிர்கொண்டார். முகம் சிவந்து பொரிந்திருந்தது. "நெட்டையன் போடுகிற பந்து வெளியே போகிறது, தொடாதே. விட்டுவிடு." "சார்." "என்ன?" "காகிதத்தைப் பற்றி." கர்னல் பேட்டால் தரையில் ஒரு மேட்டைத் தட்டினார். தட்டியதையே திரும்பத் தட்டினார். "சேர்க்க ஏதாவது இருக்கிறதா?" அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை என்பதை ஆல்டன் பார்த்தான். அவர் பயப்படுகிறார் என்று ஒரு எண்ணம் வந்தது. "சார், அன்றைக்கு" என்று தொடங்கினான். அம்பயர் பின்டோ, ரயில்வே பள்ளி வாத்தியார், தொண்டையைக் கனைத்தார். "ஜென்டில்மென், நேரமாகிறது." "பிறகு, ஆல்டன், பிறகு," என்று கர்னல் விலகிப் போனார், சற்று வேகமாகவே போனார் என்று தோன்றியது. அன்றைக்கு. சொல் வெளியே வந்துவிட்டது, மீன் முள் மாதிரி பாதி வெளியே பாதி உள்ளே. கோடு போட்டு நின்றான். நெட்டையன் ஓடிவருகிறான். அன்றைக்கு நான். அன்றைக்கு நான்தான் ஆறு என்று. பந்து விழுந்து எழும்பி வெளியே விலகியது, பேட் அதைத் தேடிக்கொண்டு போனது, கிடைக்கவில்லை. நடுவில் நாலு விரல் இடைவெளி. அவன் அதைப் பார்த்தான், பகல் வெளிச்சம் தெரிந்த அந்த இடைவெளியை. கைக்கு ஒன்றும் தெரியவில்லை, மரத்தில் ஒரு சிலிர்ப்பும் இல்லை. பின்னால் பிடித்தவன் பந்தை உயர்த்திக் கத்தினான், நெட்டையன் திரும்பி இரண்டு கையையும் விரித்துக் கத்தினான், எல்லோரும் கத்தினார்கள், "ஹவ்ஸ் தட்?" அப்பீல். அவனைப் பார்த்து அப்பீல். இருபது நாளாக ஒருவரும் செய்யாததை இந்தப் பதினோரு தொண்டைகளும் செய்துவிட்டது போல அவன் உடம்பு அதை வாங்கிக்கொண்டது. பின்டோ தலையை ஆட்டினார். "நாட் அவுட்." இல்லை, பின்டோ, உனக்குத் தெரியாது. ஆல்டன் பேட்டைக் கக்கத்தில் இடுக்கினான். கால்கள் கிளம்பிவிட்டன. நான் போகிறேன், இதோ போகிறேன், யாரும் சொல்ல வேண்டாம், நானே போகிறேன். ஐந்தாவது எட்டில் என்ன செய்கிறோம் என்று புரிந்தது, பட்டதேயில்லையே என்று புரிந்தது, திரும்ப முடியாது என்றும் புரிந்தது. அப்போது கைதட்டல் தொடங்கியது. முதலில் பட்டணத்துக்காரர்கள், பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நெட்டையனே தட்டினான், பிறகு கூடாரம், பிறகு புளியமரம். "பாத்தியாடா? பாத்தியா? அம்பயரு இல்லைன்னுட்டாருடா!" அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் காதுக்குள் கொதிக்கிற எண்ணெய் போல இறங்கியது. இதைவிடக் கேவலமான ஒரு பொய்யை அவன் வாழ்நாளில் சொன்னதில்லை. ஆனால், தட்டுகிற கைகளுக்கு நடுவே நடந்தபோது, இருபது நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிவிட்டது போலவும் இருந்தது, அதுதான் பயங்கரமாக இருந்தது. ஏதோ செலுத்தியாகிவிட்டது போல. சொல்லியாகிவிட்டது போல.

தேநீருக்கு எல்லோரும் வந்தபோது அவன் கால்காப்புகளைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். கர்னல் நேராக அவனிடம் வந்தார். தோளில் கை வைத்தார். பதினோரு மாதத்தில் அவர் அவனைத் தொட்டதில்லை. "எனக்கு எதிர்முனையிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. பின்டோவுக்கும் தெரியவில்லை. முதல் பந்து, அம்பயரே இல்லையென்ற பிறகு!" கண்கள் ஈரமாக இருந்தன, வெயிலாக இருக்கலாம். குனிந்து, மற்றவர்கள் காதில் விழாதபடி சொன்னார்: "உன்னிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த ஹவில்தார் விசாரணையில் உன்னைத் திரும்பிப் பார்த்தானே, அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. இன்றைக்கு மத்தியானம்கூட உன்னிடம் கேட்டேன், கவனித்திருப்பாய். வெட்கமாக இருக்கிறது. மன்னித்துவிடு." எழுத்தர் காகிதங்களைக் கொண்டுவந்து கேக்குத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். கர்னல் பேனாவைத் திறந்தார். நிறுத்தினார். "நடுவில் ஏதோ சொல்ல வந்தாயே, அன்றைக்கு என்று." டாக்டர் சர்க்கரைக்குக் கை நீட்டினார். கித்தானுக்கு வெளியே யாரோ சிரித்தார்கள். சொல்ல வேண்டியது எல்லாம் வாய்க்குள் ஒழுங்காக வரிசையாக இருந்தது, எண்ணிக்கை முதலில், பிறகு கல், பிறகு உத்தரவு. இப்போது அதற்கு முன்னால் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: பந்து படவில்லை, சார். அதைச் சொல்லாமல் இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? அதைச் சொன்னால் மிச்சம் எதை நம்புவார்கள்? கர்னலின் முகம் அவனுக்கு மேலே, பெரியதாக, அன்பாக, வியர்த்து, காத்திருந்தது. "ஒன்றுமில்லை, சார்," என்றான் ஆல்டன். "நன்றி." பேனா காகிதத்தில் கீறிக்கொண்டு போனது.

ஹவில்தார் தேவசகாயம் மார்ச் பதினோராம் தேதி பதவி பறிக்கப்பட்டுப் படையிலிருந்து நீக்கப்பட்டார். பல்லாவரத்தில் சாலைக்கு ஜல்லி உடைக்கிற கூலிகளோடு சேர்ந்து ஆறு வருடம் வேலை செய்தார், மார்பில் கல்தூசி கட்டி, ஐப்பசி மழையில் ஒரு நாள் இறந்துபோனார்.